ஆறாம் வகுப்புக்கு வந்தும் எழுத்துக் கூட்டும் பிள்ளைகளுக்கு எதைக் கொண்டு வாசிக்கக் கற்றுத் தருவது?

ஏற்காடு ஒன்றியத்தில் நடுநிலைப் பள்ளி ஒன்றில் தமிழ் கற்பிக்கும் ஆசிரியர் கேட்டிருக்கும் கேள்வி இது. ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளில் படிக்கும் பிள்ளைகளில் ஏறத்தாழப் பாதிப்பேரால் பாடநூலின் ஒரு பத்தியைத் தடையின்றி வாசிக்க முடியவில்லை. பள்ளியில் திறன்மிகு வகுப்பறைக்கான பெரிய திரை ஒன்றும், மூன்று டேப்லெட்டுகளும், ஓர் அலமாரி நிறையப் புத்தகங்களும் இருக்கின்றன. இவற்றுள் எதைக் கொண்டு, எங்கிருந்து தொடங்குவது என்று கேட்கிறார். சேலம் மாவட்டத்தில் முதலில் நடுநிலைப் பள்ளி ஆசிரியராகவும் பின்னர் ஆசிரியர் பயிற்றுநராகவும், மலையிலும் சமவெளியிலும் பணியாற்றியவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

நேரடியான விடையை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்த வயதுப் பிள்ளைக்கு வாசிப்பைக் கற்றுத் தரும்போது கருவியைக் காதுக்கும், நூலைக் கண்ணுக்கும் விரலுக்கும் கொடுங்கள். எழுத்து நடைத் தமிழ் பிள்ளையின் காதில் போதிய அளவு விழுவதற்கும், பிள்ளை தன் வாசிப்பைத் தானே கேட்டுப் பார்ப்பதற்கும் கருவி உதவும். நிறுத்தி, திரும்பிச் சென்று, விரல் வைத்துப் படிப்பதற்கு அச்சிட்ட தாளைப் போன்றது வேறில்லை. இரண்டும் ஒரே பக்கத்தின் மேல், ஒரே நேரத்தில் சேர வேண்டும்; காலையில் காணொளி, மாலையில் புத்தகம் என்று தனித்தனியாக நடத்தினால் பயன் மிகக் குறைவு. இப்படிச் சொல்வதற்கான காரணம் தமிழ் எழுத்தின் இயல்பிலேயே இருக்கிறது. அதைப் பின்னர் விளக்குகிறேன்.

அதற்கு முன் இந்தப் பிள்ளைகள் யார் என்பதை நாம் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். 2025-26 கல்வியாண்டில் ஆறாம் வகுப்பில் இருந்தவர்கள் 2020 ஜூனில் முதல் வகுப்பில் அடியெடுத்து வைத்திருக்க வேண்டியவர்கள். அப்போது பள்ளிகள் மூடிக் கிடந்தன. ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்குத் தமிழ்நாட்டில் பள்ளி மீண்டும் திறந்தது 2021 நவம்பர் 1 அன்றுதான். 2025-26-இல் ஏழு, எட்டாம் வகுப்புகளில் இருந்தவர்களுக்கும் எழுத்து கைவசப்பட வேண்டிய இரண்டாம், மூன்றாம் வகுப்புகளே அந்த இடைவெளியில் கரைந்து போயின. தொலைக்காட்சியிலும் கைப்பேசியிலும் பாடம் நடந்ததென்றாலும், காப்பித் தோட்ட வேலைக்குச் செல்லும் பெற்றோரின் ஒரே கைப்பேசி பகல் முழுவதும் அவர்களோடு தோட்டத்தில் இருந்தது. நாடு முழுவதுமே நிலை இதுதான். பிள்ளைகளின் கற்றல் நிலையை அளக்கும் ஏசர் (ASER) ஆய்வு 2024-ஆம் ஆண்டில், ஊரகப் பகுதிகளில் எட்டாம் வகுப்பு மாணவர்கள் 10 பேரில் ஏறத்தாழ 7 பேரால்தான் இரண்டாம் வகுப்பு நிலைப் பகுதியை வாசிக்க முடிகிறது என்று காட்டியது. ஆகவே இவர்களை மெல்லக் கற்கும் மாணவர்கள் என்று பதிவேட்டில் எழுதும் வழக்கத்தை நான் ஏற்பதில்லை. மெல்லக் கற்றவர்கள் அல்லர் இவர்கள். கற்கும் வாய்ப்பு உரிய காலத்தில் கிடைக்காதவர்கள்.

தொடங்க வேண்டிய இடம், ஒவ்வொரு பிள்ளையும் எந்த இடத்தில் தடுக்கி விழுகிறது என்பதைக் கண்டறிவது. வகுப்பின் நடுவே எழுப்பி நிறுத்தி வாசிக்கச் சொல்லாதீர்கள். தாழ்வாரத்தின் ஓரத்திலோ மரத்தடியிலோ ஒருவரை மட்டும் அருகில் அமர்த்தி, இரண்டாம் வகுப்பு, நான்காம் வகுப்பு, நடப்பு வகுப்பு ஆகிய மூன்று நிலைகளிலிருந்தும் பத்து வரி கொண்ட ஒவ்வொரு பகுதியை வாசிக்கக் கொடுங்கள். ஒருவருக்கு ஐந்து நிமிடம் போதும். இவ்வாறு கேட்கும்போது பிள்ளைகள் மூன்று விதமாகப் பிரிவதைக் காண்பீர்கள்.

ஒரு சிலருக்குக் கொம்பும் காலும் சுழியும் குழம்பும். கெ, கே, கொ, கோ ஆகியவற்றை மாற்றி வாசிப்பார்கள். இவர்கள் எண்ணிக்கையில் குறைவு. நாள்தோறும் பதினைந்து நிமிடம் ஒதுக்கினால் சில வாரங்களில் சரியாகிவிடும். பெரும்பாலானவர்கள் இரண்டாம் வகையினர்: 247 எழுத்துகளும் தெரியும், ஆனால் ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டித்தான் வாசிப்பார்கள், சொல்லின் கடைசிக்கு வருவதற்குள் முதல் எழுத்து மறந்துவிடும். மூன்றாம் வகையினரைக் கண்டுபிடிப்பதுதான் கடினம். அவர்கள் மளமளவென்று வாசிப்பார்கள், கையெழுத்தும் அழகாக இருக்கும், கரும்பலகையில் உள்ளதைப் பிழையின்றிப் பார்த்தெழுதுவார்கள். வாசித்ததில் என்ன இருந்தது என்று கேட்டால் மட்டும் தலை குனிந்து நிற்பார்கள். நன்றாகப் படிப்பவர்கள் என்று நாம் நம்பியிருக்கும் வரிசையில் இவர்கள் இருப்பதால், வாசித்ததைச் சொந்தச் சொற்களில் சொல்லச் சொல்லும் வரை தெரியாது.

எழுத்துக் கூட்டும் பெரும்பான்மையினருக்கு நாம் வழக்கமாகச் செய்யும் வைத்தியம், மீண்டும் அ, ஆ-விலிருந்து தொடங்கி உயிர்மெய் வரிசையை நூறு முறை எழுத வைப்பது. பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு இது பெருத்த அவமானம்; அதோடு, நோய்க்குப் பொருந்தாத மருந்தும் ஆகும். எழுத்து அவர்களுக்குத் தெரியும். எழுத்திலிருந்து சொல்லுக்குத் தாவுவதுதான் முடியவில்லை.

தமிழில் அந்தத் தாவல் ஏன் கடினமாக இருக்கிறது? நம் வல்லின எழுத்துகள் நிற்கும் இடத்திற்கேற்ப ஒலி மாறுபவை. பச்சை, மஞ்சள், பசி என்ற மூன்று சொற்களிலும் இருப்பது ஒரே சகரம்தான். ஆனால் மூன்று இடத்திலும் ஒரே மாதிரியாகவா ஒலிக்கிறோம்? கல், தங்கம், அகம் என்பவற்றில் உள்ள ககரமும் அப்படியே. ம, ஞ், ச, ள் என்று தனித்தனியாகக் கூட்டிய பிள்ளை, அந்த ஒலிகளை அப்படியே ஒட்டினால் கிடைப்பது நாம் வழங்கும் மஞ்சள் என்ற ஒலியாக இராது. மஞ்சளை முன்பே காதால் அறிந்திருப்பதால், இது அந்தச் சொல்தான் என்று பிள்ளையின் மனம் ஒரு நொடியில் திருத்திக்கொள்கிறது. ஆனால் பாடநூலில் வரும் அகழி, தொகுதி, அங்கம் போன்ற சொற்களை வீட்டிலோ தெருவிலோ கேட்டறியாத பிள்ளைக்குத் திருத்திக்கொள்ள எதுவும் இல்லை. எழுத்தை எவ்வளவு சரியாகக் கூட்டினாலும் சொல் திறவாது. காதில் இல்லாத சொல் தமிழில் கண்ணுக்கும் எளிதில் வசப்படுவதில்லை.

இதனோடு பேச்சு வழக்குக்கும் எழுத்து வழக்குக்கும் உள்ள தொலைவு சேர்கிறது. வந்துட்டு இருக்கறாங்க என்று பிறந்தது முதல் கேட்ட பிள்ளை, வந்துகொண்டிருக்கிறார்கள் என்பதைப் புத்தகத்தில்தான் முதன்முதலாகச் சந்திக்கிறது. ஏற்காடு அமைந்துள்ள சேர்வராயன் மலையில் வாழும் பழங்குடி மக்களான மலையாளிகளைப் பெயரைக் கொண்டு மலையாளம் பேசுபவர்கள் என்று வெளியூரிலிருந்து வரும் ஆசிரியர்கள் சிலர் எண்ணிவிடுவதுண்டு; மலையை ஆள்பவர், மலையில் வாழ்பவர் என்ற பொருளில் வழங்கும் பெயர் அது, அவர்கள் பேசுவது தமிழே. ஆனால் அத்தமிழுக்கு அதற்கே உரிய ஒலியும் சொல்லும் உண்டு. பிள்ளை அந்த ஒலியில் வாசிப்பதைத் தவறு என்று நான் கணக்கிடுவதில்லை. கீழே சேலம் நகரத்தில், அம்மாபேட்டை, குகை போன்ற நெசவுப் பகுதிகளில், வீட்டில் தெலுங்கோ கன்னடமோ சௌராட்டிரமோ பேசும் பிள்ளைகள் பலர் இருக்கிறார்கள். அவர்களுக்கு எழுத்துத் தமிழின் ஒலி இன்னும் ஒரு படி தள்ளி இருக்கிறது.

மூன்றாவது தடை சொல்லின் நீளம். நடுநிலை வகுப்பு நூல்களில், நடந்துகொண்டிருந்தவர்களுக்கு என்பது போன்ற சொற்கள் பக்கத்துக்குப் பக்கம் வரும். எண்ணிப் பாருங்கள், 16 எழுத்து. தொடக்க வகுப்பில் மரம், பட்டம் என்று மூன்று, நான்கு எழுத்துச் சொற்களில் பழகியவர் இதைக் கண்டதும் மூச்சு முட்டி நிற்பதில் வியப்பில்லை. ஆனால் இது மலைக்க வேண்டிய சொல் அன்று. சிறிய துண்டுகள் ஒட்டியது. துண்டுகளைக் காணப் பழக்கிவிட்டால் பெரிய கதவு திறக்கும். நான் கரும்பலகையில் செய்வது இது: பறி என்று எழுதி வாசிக்கச் சொல்வேன், அதன் கீழே பறித்த, அதன் கீழே பறித்தவர், பிறகு பறித்தவர்கள், கடைசியாகப் பறித்தவர்களுக்கு. ஒவ்வொரு படியிலும் புதிதாகச் சேர்ந்த துண்டை மட்டும் வேறு நிறச் சுண்ணக்கட்டியில் எழுத வேண்டும். பழம் பறித்தவர்களுக்குக் கூலி கொடுத்தாயிற்றா என்ற கேள்வி ஏற்காட்டுப் பிள்ளைக்கு வீட்டில் அன்றாடம் விழும் கேள்வி. அந்தப் பொருள் முன்பே தெரியும் என்பதால் துண்டுகள் சேர்வதை மட்டும் கவனிக்க மனத்துக்கு இடம் கிடைக்கிறது. இந்த ஏணியை ஒரு நாளைக்கு இரண்டு சொல்லுக்குப் போட்டுக் காட்டி, பிறகு பாடநூலில் அதே -அவர்களுக்கு, -கொண்டிருந்த என்ற துண்டுகளைப் பென்சிலால் கோடிட்டுக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். இலக்கணப் பாடத்தில் பகுதி, விகுதி, இடைநிலை என்று பின்னர் மனப்பாடம் செய்விப்பதைவிட, ஆறாம் வகுப்பில் இப்படிக் கண்ணால் பிரித்துக் காணச் செய்வதையே நான் மேலாகக் கருதுகிறேன்.

இப்போது கருவிக்கு வருகிறேன். உங்களிடம் இருப்பவற்றில் மிக உயர்ந்த கருவி பெரிய திரையன்று. எந்தக் கைப்பேசியிலும் டேப்லெட்டிலும் இருக்கும் ஒலிப்பதிவு வசதிதான். ஒரு பக்க அளவுள்ள பகுதியை நீங்களோ, நன்றாக வாசிக்கும் எட்டாம் வகுப்பு மாணவி ஒருவரோ, இயல்பான வேகத்தைவிடச் சற்றே மெதுவாக, சொற்களுக்கு இடையே செயற்கையான இடைவெளி விடாமல் வாசித்துப் பதிவு செய்யுங்கள். அதே ஊர்ப் பெண்ணின் குரலாக இருந்தால் பிள்ளைகள் இன்னும் கூர்ந்து கேட்பதை நான் பார்த்திருக்கிறேன். மூன்று பேர் ஒரு டேப்லெட்டைச் சுற்றி அமர, ஒவ்வொருவர் முன்னும் அச்சிட்ட பக்கம் இருக்கட்டும். முதல் முறை விரலை வரியின் மேல் நகர்த்திக்கொண்டே கேட்பது. இரண்டாம் முறை ஒலியோடு சேர்ந்து மெல்லிய குரலில் வாசிப்பது. மூன்றாம் முறை ஒலியை நிறுத்திவிட்டுத் தாமே வாசிப்பது. மறுநாளும் அதே பக்கம். மூன்றாம் நாள் ஒவ்வொருவரும் தம் வாசிப்பைத் தாமே பதிவு செய்து, தாமே கேட்டு, தவறிய இடத்தில் பென்சில் புள்ளி வைக்க வேண்டும். ஆசிரியர் திருத்தினால் குறுகிப் போகும் பிள்ளை, தன் குரலைத் தானே கேட்டுத் திருத்தும்போது சலிக்காமல் ஐந்தாறு முறை திரும்பத் திரும்ப வாசிக்கும். ஒரே பகுதியைப் பல முறை வாசிப்பதே சரளத்துக்கான வழி; அதை அலுப்பில்லாமல் செய்விப்பதற்குத்தான் கருவி வேண்டியிருக்கிறது.

இங்கே என் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன், ஏழாம் வகுப்பு மாணவர் ஒருவரின் பதிவை, முன்னேற்றத்தைக் காட்டும் நல்லெண்ணத்தோடு, வகுப்பில் எல்லோரும் கேட்க ஒலிக்க விட்டேன். முன்னேற்றம் இருந்தது உண்மை. ஆனால் பிள்ளைகள் கேட்டது தடுமாற்றத்தை மட்டுமே. அந்த மாணவர் மறுநாள் பள்ளிக்கு வரவில்லை. அந்த வாரம் முழுவதும் வரவில்லை. நான் வீட்டுக்குச் சென்று மன்னிப்புக் கேட்ட பிறகுதான் வந்தார். அன்றிலிருந்து பிள்ளையின் பதிவு பிள்ளைக்கும் எனக்கும் மட்டுமே உரியது என்று வைத்துக்கொண்டேன். பெற்றோர் வாட்ஸ்ஆப் குழுவிலோ, அலுவலகத்துக்கு அனுப்பும் செயல்பாட்டுக் காணொளியிலோ திணறி வாசிக்கும் பிள்ளையின் குரலும் முகமும் இடம்பெறக் கூடாது. உங்களை வற்புறுத்தினாலும் மறுத்துவிடுங்கள்.

வாசிப்பைக் கேட்டுத் தானே திருத்தும் செயலிகளும் உள்ளன. கூகுள் நிறுவனம் 2019-இல் போலோ என்ற பெயரில் இந்தியாவில் கொண்டுவந்து பின்னர் ரீட் அலாங் என்று பெயர் மாற்றிய செயலி அவ்வகையைச் சேர்ந்தது, தமிழிலும் வந்தது. சுருக்கமான, பழகிய சொற்களுக்கு இவை உதவும். ஆனால் மலைத் தமிழின் ஒலியையும் வகுப்பறை இரைச்சலையும் இயந்திரம் தவறாகப் புரிந்துகொண்டு, சரியாக வாசித்த பிள்ளையையும் மீண்டும் வாசி என்று நிறுத்தும்போது மனம் உடைந்து போகிறது. ஆகவே இவற்றைத் துணையாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மதிப்பெண் வழங்கும் பொறுப்பை அவற்றிடம் விடாதீர்கள். இயந்திரத்தின் இந்தக் குறையையே பாடமாக்கவும் முடியும். குரல்வழித் தட்டச்சைத் திறந்து, பிள்ளைகளை ஊர்க்கதை ஒன்றைச் சொல்லச் செய்து, திரையில் விழும் எழுத்தில் இயந்திரம் எங்கெல்லாம் தவறாகக் கேட்டது என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். சொல்லுக்குச் சொல் உற்று வாசிக்காமல் அந்தப் பிழைகளைப் பிடிக்க முடியாது.

பெரிய திரைக்கு ஏற்ற வேலை வேறொன்று. பாட்டையோ சிறு கதையையோ ஒலிக்கும் மொழியிலேயே எழுத்து வரிகளோடு காட்டுவது. தொலைக்காட்சிப் பாடல்களின் அடியில் அதே மொழியில் வரிகளை ஓடவிட்டால் அரைகுறையாக வாசிப்பவர்கள் தம்மை அறியாமலே வாசித்துப் பழகுவர் என்ற கருத்தை 1996-இல் அகமதாபாத் இந்திய மேலாண்மைக் கழகத்தில் இருந்த பிரிஜ் கோத்தாரி முன்வைத்தார். பிறகு தூர்தர்ஷன் பாடல் நிகழ்ச்சிகளில் அது நடைமுறைக்கும் வந்தது. வகுப்பில் இதைச் செய்வதற்குப் பெரிய ஏற்பாடு ஒன்றும் வேண்டியதில்லை. தமிழ் வரிகள் சரியாக இருக்கின்றனவா என்பதை மட்டும் முன்பே பார்த்துவிடுங்கள். தானாக உருவாகும் வரிகளில் பிழைகள் மலிந்திருக்கும். நாளொன்றுக்கு ஒரு பாட்டு போதும். முதலில் ஒலியோடு, பிறகு ஒலியை அணைத்துவிட்டு வரிகளைப் பார்த்துப் பாடச் சொல்லுங்கள்.

பாடக் காணொளிகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை. பள்ளிக் கல்வித் துறையின் மணற்கேணி செயலியிலும், பாடநூல்களில் அச்சிட்டுள்ள விரைவுக் குறியீடுகளின் (QR) வழியாகவும் நல்ல காணொளிகள் கிடைக்கின்றன. வாசிக்க முடியாத பிள்ளை காணொளியைப் பார்த்துப் பாடத்தைப் புரிந்துகொண்டுவிடும். நமக்கும் மனநிறைவு ஏற்பட்டுவிடும். ஆனால் வாசிப்பு நின்ற இடத்திலேயே நிற்கும். ஆண்டு முழுவதும் அப்படி நடந்த வகுப்புகளை நான் கண்டிருக்கிறேன். காணொளியை மூன்று, நான்கு நிமிடம் மட்டும் காட்டி, அதில் வரும் ஐந்தாறு சொற்களைப் பலகையில் எழுதி, உடனே நூலைத் திறக்கச் செய்யுங்கள். பொருளும் சொல்லும் காதில் ஏறிய சூட்டோடு வாசிக்கும்போது அதே பக்கம் பாதி எளிதாகிவிடும். மலையில் சிக்னல் எல்லா ஊரிலும் சீராக இருப்பதில்லை. மழைக்காலத்தில் மின்சாரமும் போகும். எனவே வாரத்துக்கு வேண்டிய கோப்புகளை ஏற்காடு கடைத்தெருவிலோ சேலத்துக்கு இறங்கும் நாளிலோ பதிவிறக்கி, நினைவக அட்டையில் சேர்த்து வைத்துக்கொள்வதே நடைமுறைக்கு உகந்தது.

இனி நூல்கள். பூட்டிய அலமாரியின் சாவியை ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் இருவரிடம் கொடுத்துவிடுங்கள். இருப்புப் பதிவேட்டுக்குக் கணக்குக் காட்ட வேண்டுமே என்ற அச்சம் எனக்கும் இருந்தது. இரண்டு, மூன்று நூல்கள் தொலையும், சில கிழியும். ஆனால் பிள்ளை கையால் புரட்டிப் பார்த்து, இது வேண்டாம் என்று வைத்துவிட்டு, வேறொன்றை எடுக்கும் உரிமை இல்லாத இடத்தில் வாசிப்புப் பழக்கம் தோன்றுவதில்லை.

எந்த நூலைக் கொடுப்பது என்பதில்தான் நம்மில் பலர் தவறுகிறோம். நிலை குறைவு என்பதற்காக முயலும் ஆமையும் கதையைப் பதின்மூன்று வயதினருக்குக் கொடுத்தால், பக்கத்து மாணவர் பார்ப்பதற்கு முன் அதை மூடிவிடுவார். சொற்றொடர் எளிதாகவும் பொருள் வயதுக்கு ஏற்றதாகவும் இருக்கும் நூல்கள் வேண்டும். பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கம் வெளியிட்ட சிறு நூல்கள் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிநிலைகளாகப் பிரிக்கப்பட்டவை. பெயரிலேயே வகுப்பு எண் இல்லை என்பது அவற்றின் பெரிய நன்மை. எட்டாம் வகுப்பு மாணவி நுழை நிலை நூலைக் கையில் வைத்திருந்தாலும் அது இரண்டாம் வகுப்புப் புத்தகம் என்று யாரும் சொல்ல முடியாது. ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்காக வரும் தேன்சிட்டு இதழின் துணுக்குகளும் புதிர்களும் இதற்குப் பொருந்தும். பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ் நூல்கள் நான்கு நிலைகளில் இலவசமாகக் கிடைக்கின்றன. அச்சிட்டுக் கொடுக்கவும் அனுமதி உண்டு. அவற்றில் கதைகளைவிட அறிவியல், விலங்கு, தொழில் பற்றிய நூல்களைத் தேர்ந்தெடுத்து அச்சிட்டுத் தையுங்கள். கதையை விரும்பாத ஆண் பிள்ளைகள் பலரைத் தேனீயும் தவளையும் இழுத்து வந்திருக்கின்றன. திரையில் படிக்கலாமே என்று கேட்கலாம். திரையில் விரல் பட்டால் பக்கம் நழுவும், வேறொன்று திறக்கும். எழுத்துக் கூட்டும் பிள்ளைக்கு அசையாத பக்கம் தேவை.

எல்லாவற்றிலும் சிறந்த நூல், பிள்ளைகள் சொல்லி நாம் எழுதிக் கொடுப்பது. மலையாளி மக்களிடையே வழங்கும் மரபு ஒன்று, காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பிகள் மூவரில் ஒருவர் சேர்வராயன் மலையிலும், மற்றவர்கள் பச்சைமலையிலும் கொல்லிமலையிலும் குடியேறினர் என்கிறது. இதைப் பாட்டியிடம் கேட்டு வந்து சொல்லச் சொல்லுங்கள். பிள்ளை சொல்வதைப் பதிவு செய்து, முதலில் அதன் பேச்சு வழக்கிலேயே ஒரு பக்கம் எழுதுங்கள்; எதிர்ப்பக்கத்தில் அதையே எழுத்து வழக்கில் எழுதுங்கள். தன் வாயிலிருந்து வந்த சொற்களை வாசிப்பதால் முதல் பக்கம் எளிதில் கைகூடும். அதன் பொருள் தெரிந்திருப்பதால் இரண்டாம் பக்கத்தின் நீண்ட சொற்களும் பிடிபடும். வகுப்பறையில் பேச்சு வழக்கை எழுதலாமா என்று தயங்குவோர் உண்டு. பேச்சிலிருந்து எழுத்துக்குப் போகும் பாலத்தின் ஒரு கால் பேச்சில்தான் ஊன்றியாக வேண்டும். காப்பிப் பழத்தைத் தோல் நீக்கி உலர்த்துவது எப்படி, மிளகுக் கொடியில் ஏணி சாத்துவது எப்படி, வைகாசியில் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு யார் யார் வருவார்கள் என்றெல்லாம் பிள்ளைகள் சொல்ல, ஒரு பருவத்தில் பத்துப் பன்னிரண்டு சிறு நூல்கள் சேர்ந்துவிடும். சேலத்தில் இதையே வெள்ளிக் கொலுசுப் பட்டறைப் பிள்ளைகளையும், பாவு, ஊடை, நாடா என்று தறிச் சொற்களோடு வளரும் பிள்ளைகளையும் கொண்டு செய்யலாம். மலைப்பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளில் நிற்கும் அறிவிப்புப் பலகைகளைக் கூட நான் பாடமாக்கியிருக்கிறேன். பேருந்தில் போய்வரும் பிள்ளைக்கு அவை எங்கே இருக்கின்றன என்பது மனப்பாடம்.

எழுதுவதற்கும் கருவி ஒரு நன்மை செய்யும். தமிழ்நாடு அரசு 1999-இல் ஏற்ற தமிழ்99 விசைப்பலகையில் ககரத்தை அழுத்திப் பின் இகரத்தை அழுத்தினால் கி வரும். ககரத்தை இரு முறை அழுத்தினால் முதலாவதற்குத் தானே புள்ளி விழுந்து க்க ஆகும். ஙகரத்தை அடுத்துக் ககரம் வந்தால் ங்க ஆகும். மெய்யும் உயிரும் சேர்ந்தே உயிர்மெய் என்று இலக்கணத்தில் சொல்வது இங்கே விரல் நுனியில் நடக்கிறது. கொம்பும் காலும் குழம்புகிற அந்தச் சிலருக்கு, நூறு முறை எழுத வைப்பதைவிட இது விரைவாகப் பலன் தந்தது. கைப்பேசியில் செல்லினம் போன்ற செயலிகளில் இந்த விசைப்பலகை உண்டு. ஆங்கில எழுத்தில் தட்டித் தமிழை வரவழைக்கும் முறையை மட்டும் இந்தப் பிள்ளைகளிடம் பழக்காதீர்கள். தமிழ் எழுத்தைப் பற்றி நினைக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்தை நினைக்க வைத்துவிடும்.

நேரம் எங்கே இருக்கிறது என்று கேட்பீர்கள். நாளொன்றுக்கு ஒரு பாடவேளை வேண்டும். அதைத் தலைமையாசிரியரிடம் பேசிப் பெறுங்கள். 2025-இல் ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை அடிப்படைத் திறனில் பின்தங்கியவர்களுக்காக வந்த திறன் திட்டம் அதற்கான நியாயத்தை உங்களுக்குத் தருகிறது. பாடவேளையின் முதல் பத்து நிமிடம் நீங்கள் ஒரு நல்ல நூலைத் தொடர்கதை போல வாய்விட்டு வாசியுங்கள். கேள்வி கேட்காதீர்கள், எழுதச் சொல்லாதீர்கள். எழுத்துத் தமிழ் காதில் ஏறுவதற்கு இதற்கு இணையானது எதுவும் இல்லை. மீதி நேரத்தில் மூன்று பேர் கொண்ட குழுக்கள் மாறி மாறி டேப்லெட்டோடும், சொல் ஏணியோடும், தாமே தேர்ந்த நூலோடும் இருக்கட்டும். கார்த்திகை முதல் தை வரை காப்பிப் பழம் பறிக்கும் காலத்தில் வருகை குறையும் என்பதை எதிர்பார்த்து, முக்கியமான பயிற்சியை ஜூனிலிருந்து ஐப்பசிக்குள் முடித்துவிடத் திட்டமிடுங்கள். முன்னேற்றத்தை அளக்க ஒரு நிமிடத்தில் எத்தனை சொல் என்ற ஆங்கில அளவை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். நம் ஒரு சொல் அவர்களின் நான்கு சொல்லுக்குச் சமமாக இருக்கும். ஜூனில் வாசித்த அதே பகுதியைச் செப்டம்பரில் எவ்வளவு நேரத்தில் வாசிக்கிறார், எத்தனை இடத்தில் நிற்கிறார் என்று அந்தப் பிள்ளையை அந்தப் பிள்ளையோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

இவ்வளவும் செய்த பிறகும் ஒருவர் இருவர் நகராமல் நிற்கக்கூடும். அவர்களுக்கு முதலில் கண்ணையும் காதையும் பரிசோதிக்க ஏற்பாடு செய்யுங்கள். கரும்பலகை மங்கலாகத் தெரிவதைச் சொல்லாமலே ஏழு ஆண்டு ஓட்டிய பிள்ளையை நான் அறிவேன். கண்ணும் காதும் சரியாக இருந்தால், குறிப்பிட்ட கற்றல் குறைபாடு இருக்கலாம். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதைக் குறைபாடுகளில் ஒன்றாக ஏற்றிருக்கிறது; வட்டார வளமையத்தில் உள்ள சிறப்பாசிரியரிடம் பிள்ளையின் வாசிப்புப் பதிவுகளையும் நோட்டையும் கொண்டுபோய்க் காட்டுங்கள். எட்டாம் வகுப்பு முடிந்து, மலையிலிருந்து இறங்கி வேறு பள்ளிக்குப் போவதற்கு முன்பே அதைச் செய்துவிடுங்கள். புதிய பள்ளியில் இந்தப் பதிவுகளை எடுத்துச் சொல்ல யாரும் இருக்கமாட்டார்கள்.